மறைமாவட்டக் குருவா, சபைக் குருவா: மகனைக் குருமடத்துக்கு அனுப்பும் முன்

சேலம் அரிசிபாளையத்திலிருந்து ஒரு தகப்பனார் கேட்டிருக்கிறார். மகன் பிளஸ் டூ முடித்துவிட்டு, சாமியாராகப் போகிறேன் என்று நிற்கிறான். மறைமாவட்டம் (ஒரு ஆயரின், அதாவது பிஷப்பின், பொறுப்பில் உள்ள கத்தோலிக்கப் பகுதி) குருவாக விரும்புகிறவர்களுக்கு நடத்திய அழைத்தல் முகாமுக்கும் போய்வந்தான், ஏற்காட்டில் சலேசியர்கள் (டான் போஸ்கோ தொடங்கிய துறவற சபையினர்) நடத்திய முகாமுக்கும் போய்வந்தான். இரண்டு இடத்துச் சாமியார்களும் ஒரே பூசையைத்தானே வைக்கிறார்கள், என்ன வித்தியாசம்? எது பெரிய படிப்பு? எங்கே விட்டால் பையன் எங்களுக்குக் கிடைப்பான்? மலைமேல் பள்ளிக்கூடம் நடத்துகிற பிரதர்களும் சாமியார்கள்தானே? இவைதான் அவருடைய கேள்விகள்.

ஐயா, கடைசிக் கேள்வி சீக்கிரம் முடிகிற விஷயம் என்பதால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஏற்காட்டில் மான்ட்ஃபோர்ட் பள்ளியை 1917-ல் தொடங்கி நடத்திவருகிறவர்கள் புனித கபிரியேல் சகோதரர்கள். அவர்கள் துறவிகள். ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்ற மூன்று வார்த்தைப்பாட்டையும் கொடுத்தவர்கள். ஆனால் குருப்பட்டம் அவர்களுடைய வாழ்க்கைமுறையில் இல்லை. பூசை வைக்கமாட்டார்கள், பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) கேட்கமாட்டார்கள். பிள்ளைகளைப் படிக்கவைப்பதற்கென்றே தங்களைக் கொடுத்துவிட்டவர்கள். நம் பக்கம் குருமடத்தில் படிக்கிற பையனையும் பிரதர் என்றுதான் கூப்பிடுகிறோம், அதனால் இந்தக் குழப்பம் எல்லா வீட்டிலும் வருகிறது. உங்கள் மகனிடம் ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள். அவன் மனதில் நிற்பது பீடமா, வகுப்பறையா என்று கேளுங்கள். வகுப்பறை என்று சொன்னால் பிரதர் வாழ்க்கையும் முழுமையான அழைத்தல்தான். அவர்களை அரைச் சாமியார் என்று யாராவது சொன்னால் அதைக் காதில் வாங்கவேண்டாம்.

சரி, பீடம்தான் என்று வைத்துக்கொள்வோம். அப்போது முதலில் புரிந்துகொள்ளவேண்டியது, குருத்துவம் ஒன்றே ஒன்றுதான். திருத்தொண்டர், குரு, ஆயர் என்று அந்தத் தேவதிரவிய அனுமானத்துக்கு (அருள் தரும் திருச்சடங்குக்கு) மூன்று நிலைகள் உண்டு. குரு என்ற நிலையில் மறைமாவட்டக் குரு, சபைக் குரு என்று இரண்டு வகை கிடையாது. இரண்டு பேருக்கும் ஆயர்தான் கைவைக்கிறார். இரண்டு பேர் வைக்கும் பூசையிலும் அதே நற்கருணை. இரண்டு பேர் கொடுக்கும் பாவமன்னிப்பும் ஒன்று. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்ற முத்திரை இரண்டு பேரையும் ஒரேமாதிரி கட்டுகிறது. நேரடியாக அதை மீறும் குரு அந்த நொடியிலேயே திருச்சபை விலக்கத்துக்கு ஆளாகிறார். ஒருவர் பெரிய சாமியார், ஒருவர் சின்னச் சாமியார் என்று நம் ஊரில் பேசிக்கொள்வது திருச்சபையின் பேச்சு அல்ல.

வித்தியாசம் எங்கே வருகிறது என்பதை ஒரு குருப்பட்ட விழாவில் நீங்களே காதால் கேட்கலாம். பட்டம் பெறுகிறவர் தரையில் முகங்குப்புற விழுந்து கிடக்க, புனிதர்களின் பிரார்த்தனை பாடப்படும். ஆயர் ஒரு வார்த்தையும் பேசாமல் தலையில் கைவைப்பார். அவருக்குப் பிறகு வந்திருக்கிற குருக்கள் எல்லோரும் வரிசையாக வந்து கைவைப்பார்கள். பிறகு உள்ளங்கைகளில் கிறிஸ்மா எண்ணெய் பூசுவார்கள், அப்பத்தட்டையும் பாத்திரத்தையும் கையில் கொடுப்பார்கள். இதெல்லாம் இரண்டு வகையினருக்கும் ஒன்றுதான். இதற்கு முன்பாக, பட்டம் பெறுகிறவர் ஆயருக்கு முன் முழங்காலில் நின்று, கூப்பிய கைகளை ஆயரின் கைகளுக்குள் வைக்கிற ஒரு நேரம் உண்டு. அப்போது ஆயர் கேட்கும் கேள்வியைக் கவனியுங்கள். அவர் அந்த மறைமாவட்டத்துக்கே உரியவராக இருந்தால், எனக்கும் எனக்குப் பின் வரும் ஆயர்களுக்கும் கீழ்ப்படிவாயா என்று கேட்பார். சபையைச் சேர்ந்தவராக இருந்தால், மறைமாவட்ட ஆயருக்கும் உன் சபைத் தலைவருக்கும் கீழ்ப்படிவாயா என்று கேட்பார். அந்த நீண்ட சடங்கில் வேறுபடுவது இந்த ஒரு கேள்விதான். அதற்கப்புறம் வருகிற நாற்பது ஐம்பது வருட வாழ்க்கை முழுக்க அந்தக் கேள்வியிலிருந்துதான் பிரிகிறது.

திருச்சபைச் சட்டப்படி, எதிலும் சேராத குரு என்று ஒருவர் இருக்கமுடியாது. ஒரு மறைமாவட்டத்தில் அல்லது ஒரு சபையில் அவர் பெயர் பதிந்திருக்கவேண்டும். சேலம் மறைமாவட்டக் குரு என்றால் இந்த மண்ணோடும் இந்த மக்களோடும் கட்டப்பட்டவர். இன்று ஆத்தூரில் இருப்பார், நாளைக்கு மேட்டூரில், அடுத்து ராசிபுரத்தில் அல்லது நாமக்கல்லில். சாகும்வரை சேலம், நாமக்கல் என்ற இந்த இரண்டு மாவட்டத்துக்குள் அவர் வாழ்க்கை ஓடும். மேற்படிப்புக்காகவோ வேறு மறைமாவட்டத்துக்கு உதவியாகவோ ஆயர் அனுப்பினால் போய்வருவார், வேர் இங்கேதான் இருக்கும். சலேசியக் குரு என்றால் அவர் சபையோடு கட்டப்பட்டவர். அவர்களுடைய மாநிலத் தலைவர் தன் பொறுப்பில் உள்ள எந்த இல்லத்துக்கும் அனுப்பலாம். மிஷனரியாக ஆப்பிரிக்காவுக்கும் அனுப்புகிறார்கள்.

இங்கே சேலத்தின் பழைய கதையைக் கொஞ்சம் சொல்லவேண்டும். மறைமாவட்டக் குரு என்றால் சபையில் இடம் கிடைக்காதவர் போகிற இடம் என்று நினைக்கிற குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த நினைப்பு எனக்கு வருத்தம் தருகிறது. நம் பக்கத்தில் ஒரு மறைமாவட்டக் குரு நிற்பதற்காக எத்தனை தலைமுறை உழைத்திருக்கிறது என்று தெரிந்தால் அப்படிப் பேச வாய் வராது.

சேலம் பகுதிக்கு நற்செய்தியோடு முதலில் வந்தவர்களில் பெயர் பெற்றவர் தத்துவ போதகர் என்று நம் முன்னோர் அழைத்த இராபர்ட் தெ நொபிலி சுவாமி. இத்தாலியில் 1577-ல் பிறந்த சேசு சபைக் குரு. 1606-ல் மதுரைக்கு வந்து, சந்நியாசி கோலத்தில், சைவ உணவோடு, தமிழும் சமஸ்கிருதமும் கற்று வாழ்ந்தவர். கிறிஸ்தவர்கள் பூணூல், குடுமி, சந்தனம் வைத்துக்கொள்ளலாமா என்று அவரைப் பற்றி எழுந்த வழக்கு ரோமைவரை போனது. 1623 ஜனவரியில் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னார். அதே வருடம் அவர் மதுரையை விட்டு வடக்கே புறப்பட்டு சேந்தமங்கலத்துக்கு வந்தார். அங்கே இராமச்சந்திர நாயக்கர் அவரை மரியாதையாக வரவேற்றார். அங்கிருந்து சேலத்துக்கு வந்தபோது அந்த வரவேற்பு இல்லை, தொடக்கத்தில் மிகவும் சிரமப்பட்டார். ஆனாலும் சேலத்து நாயக்கர் குடும்பத்தைச் சேர்ந்த திருமங்கள நாயக்கரே பின்னால் ஞானஸ்நானம் பெறும் அளவுக்கு வேலை நடந்தது. சேலத்துக் கிறிஸ்தவம் நானூறு வருடப் பழமை உள்ளது என்று நாம் சொல்லிக்கொள்வதற்கு அடிப்படை இதுதான்.

ஆனால் அந்த மிஷனுக்கு ஒரு பலவீனம் இருந்தது. வந்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஐரோப்பாவிலிருந்து வந்த சபைக் குருக்கள். ஒருவர் நோயில் விழுந்தால், ஒருவர் இறந்தால், அடுத்தவர் கப்பலில் வரவேண்டும். 1759-ல் போர்ச்சுகல் அரசு தன் ஆளுகையிலிருந்து சேசு சபையை விரட்டியது. 1773-ல் பாப்பரசர் பதினான்காம் கிளமெந்து அந்தச் சபையையே கலைத்துவிட்டார். அதற்குப் பிறகு புதிதாக வர ஆளில்லை. இருந்த கிழச் சாமியார்கள் ஒவ்வொருவராக மறைந்தார்கள். வருடக்கணக்கில் பூசை காணாத ஊர்கள் வந்தன. மந்திரங்களைச் சொல்லிக்கொடுத்து, பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்து, செத்தவர்களைச் செபத்தோடு அடக்கம் செய்து விசுவாசத்தைக் காத்தவர்கள் உபதேசியார்கள். சேசு சபை 1814-ல் மறுபடி உயிர்பெற்றது. நடுவில் போன நாற்பது வருடத்தில், உள்ளூரிலிருந்து குருக்களை உருவாக்காத மிஷன் எப்படித் தவிக்கும் என்பது எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

1776-ல் புதுச்சேரியில் அந்தப் பொறுப்பை ஏற்றவர்கள் பாரிஸ் அயல்நாட்டு மறைபரப்புச் சங்கத்தார். இவர்களைப் பற்றி நம் மக்களுக்கு அதிகம் தெரியாத ஒரு செய்தி உண்டு. அவர்கள் துறவற சபை கிடையாது. மூன்று வார்த்தைப்பாடு அவர்களுக்கு இல்லை. பிரான்சில் ஏதோ ஒரு மறைமாவட்டத்திலிருந்து கிளம்பி, மிஷனுக்கென்று தங்களை முழுக்க ஒப்புக்கொடுத்த சாதாரணக் குருக்கள். பதினேழாம் நூற்றாண்டில் அந்தச் சங்கம் தொடங்கும்போதே ரோமை அவர்களுக்குக் கொடுத்த முதல் வேலை, போகிற நாட்டு மக்களிடமிருந்தே குருக்களை உருவாக்குங்கள், பிரான்சையும் இத்தாலியையும் அங்கே கொண்டுபோய் இறக்காதீர்கள் என்பது. 1659-ல் எழுதிக்கொடுத்த அறிவுரையில் இது தெளிவாகவே இருக்கிறது. அவர்கள் 1778-ல் புதுச்சேரியில் குருமடம் தொடங்கினார்கள். அதுதான் 1934-ல் பெங்களூரு மல்லேஸ்வரத்துக்கு மாறி, இன்றைக்குப் புனித பேதுரு குருமடமாக இருக்கிறது. 1844-ல் ஆயர் பொன்னாந்து கூட்டிய புதுச்சேரி மாமன்றத்திலும் பெரிய பேச்சு உள்ளூர்க் குருக்களையும் பள்ளிக்கூடங்களையும் பற்றித்தான்.

1930 மே மாதம் பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் புதுச்சேரி, கும்பகோணம், மைசூர் ஆகியவற்றிலிருந்து பிரித்து சேலம் மறைமாவட்டத்தை உண்டாக்கினார். முதல் ஆயர் பாரிஸ் சங்கத்தைச் சேர்ந்த பிரெஞ்சுக்காரரான ஹென்றி ப்ரூனியே. 1947-ல் அவர் காலம் முடிந்தது. 1949-ல் சேலத்தின் ஆயராக வந்தவர் வெண்மணி செல்வநாதர், நம் தமிழர். 1930, 1949 என்ற இரண்டு வருடங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாரிஸ் சங்கத்தார் மறைமாவட்டத்தை நடத்தி, இருபது வருடம் ஆவதற்குள் தமிழர் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கினார்கள். அவர்கள் வந்ததே அதற்காகத்தான். செல்வநாதர் ஆண்டவர் 1973-ல் புதுச்சேரி பேராயராகப் போனார். அவருக்குப் பின் துரைசாமி ஆண்டவர், சிங்கராயன் ஆண்டவர், இப்போது 2021 முதல் அருள்செல்வம் இராயப்பன் ஆண்டவர் என்று வரிசை நம்மவர்களாகவே இருக்கிறது. 1997-ல் தருமபுரி தனி மறைமாவட்டமானபோது குருக்களும் இரண்டு பக்கமாகப் பிரிந்தார்கள். மறைமாவட்டத்தோடு கட்டப்பட்டவர் என்று மேலே சொன்னேனே, அதன் பொருள் அந்த நாளில் பலருக்கு நேரடியாகத் தெரிந்திருக்கும்.

ஆகவே, உங்கள் பங்குச் சாமியார் (உங்கள் ஊர்க் கோவிலுக்குப் பொறுப்பான குரு) சைக்கிளிலோ பைக்கிலோ கிளை ஊருக்குப் போய் இருபது பேருக்குப் பூசை வைத்துவிட்டு வருகிறாரே, அது சின்ன வேலை என்று மகன் நினைத்துவிடக்கூடாது.

இதனால் சபைகளைக் குறைத்துச் சொல்வதாக எடுத்துக்கொள்ளவேண்டாம். சலேசியர்கள் 1906-ல் தஞ்சாவூரில் கால்வைத்ததிலிருந்து தமிழ்நாட்டு ஏழைப் பிள்ளைகளுக்குச் செய்தது சாதாரணமானதல்ல. தொழிற்பயிற்சி, விடுதி, தெருவில் அலைகிற பிள்ளைகளுக்கு இல்லம், 1951-ல் திருப்பத்தூரில் தொடங்கிய தூய நெஞ்சக் கல்லூரி என்று சொல்லிக்கொண்டே போகலாம். ஏற்காட்டு ரிட்ரீட் இல்லத்தில் அவர்கள் தத்துவப் படிப்பு நடத்திவருகிறார்கள். நாடு முழுக்க வேலை செய்கிற எத்தனையோ சலேசியர்கள் அந்த மலைக்குளிரில் படித்துவிட்டுப் போனவர்கள். டான் போஸ்கோ 1859-ல் தூரின் நகரில் அந்தச் சபையைத் தொடங்கியது இளைஞர்களுக்காக. இளைஞர்களோடு ஓடியாடி விளையாடி, அவர்களோடே சாப்பிட்டு, அவர்களோடே செபிப்பதுதான் அவர்கள் வழி. உங்கள் மகன் தெருப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக்கொண்டு எப்போதும் எதையாவது நடத்திக்கொண்டிருக்கிறவன் என்றால் அதைக் கவனிக்கவேண்டும்.

ஆக இரண்டு வாழ்க்கையும் தினப்படிக்கு எப்படி இருக்கும்? என் தம்பி ஒரு மறைமாவட்டக் குரு, சித்தப்பா மகன் ஒரு துறவற சபையில் குரு. இரண்டு பேரையும் பக்கத்திலிருந்து பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

மறைமாவட்டக் குரு பெரும்பாலும் தனியாக இருப்பார். பங்கு பெரியதாக இருந்தால் உதவிக் குரு ஒருவர் உண்டு. மற்றபடி அறை, சமையல்காரர், கோவில்பிள்ளை, அவ்வளவுதான். காலைப் பூசை, பிறகு கட்டளைச் செபம் (குருக்கள் தினமும் சொல்லவேண்டிய செபம்), அப்புறம் வந்து நிற்கிறவர்களின் பிரச்சினை. பள்ளிக்கூடம் இருந்தால் அதன் நிர்வாகம், கணக்கு, கல்வி அலுவலகத்துக்கு அலைச்சல். சாயங்காலம் அன்பியக் கூட்டம் (பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் செபக் கூட்டம்), நோயாளிக்கு நற்கருணை, நடுராத்திரியில் சாகக் கிடப்பவருக்கு எண்ணெய் பூசும் அவஸ்தைபூசுதலுக்கு அழைப்பு. சட்டப்படி ஒரு நாளைக்கு ஒரு பூசைதான். ஞாயிற்றுக்கிழமையில் தேவை இருந்தால் மூன்றுவரை வைக்கலாம். கிளை ஊர்கள் அதிகமுள்ள பங்குகளில் அந்த மூன்றும் நடக்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் ஒரு பூசையைப் பங்குத் தந்தை தன் பங்கு மக்களுக்காக, யாரிடமும் காணிக்கை வாங்காமல் ஒப்புக்கொடுக்கவேண்டும் என்பது சட்டம். உங்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? நீங்கள் கேட்காமலே, பணம் கட்டாமலே, உங்கள் பெயருக்கு வாரம் ஒரு பூசை நடக்கிறது.

இந்த வாழ்க்கையில் பெரிய சோதனை தனிமை. மக்கள் சூழ இருப்பார்கள், ஆனால் ராத்திரி எட்டரை மணிக்குக் கதவைச் சாத்தினால் பேச ஆள் இருக்காது. இதைத் தாங்கக்கூடிய மனமா உங்கள் மகனுக்கு என்று பாருங்கள். கூட்டத்தில் மட்டுமே சந்தோஷமாக இருக்கிற பையன் இங்கே வாடிப்போவான்.

சபைக் குருவுக்கு அந்தத் தனிமை குறைவு. இல்லத்தில் நாலைந்து பேர் இருப்பார்கள், சேர்ந்து செபம், சேர்ந்து சாப்பாடு. அதிலேயே அவர்களுடைய சோதனையும் இருக்கிறது. நாம் தேர்ந்தெடுக்காத ஆட்களோடு வருடக்கணக்கில் ஒரே மேசையில் உட்காரவேண்டும். அதிகாரத்தில் இருப்பவர் நம்மைவிட இளையவராக இருக்கலாம். ஒரு ஊரில் வேலை சூடுபிடிக்கிற நேரத்தில் மாற்றல் வரும். என் சித்தப்பா மகன் தான் உருவாக்கிய விடுதியை விட்டுக் கிளம்பும்போது அழுதான். கீழ்ப்படிதல் என்ற வார்த்தைப்பாட்டின் பாரம் அப்படிப்பட்ட நாட்களில்தான் தெரியும்.

மாற்றல் மறைமாவட்டக் குருவுக்கும் உண்டு. பங்குத் தந்தைக்கு நிலையான பதவி இருக்கவேண்டும் என்பதுதான் சட்டத்தின் அடிப்படை. ஆயர் பேரவை அனுமதித்தால் குறிப்பிட்ட வருடங்களுக்கு என்று நியமிக்கலாம், நம் பக்கத்து நடைமுறை அதுதான். நல்ல சாமியாரை ஏன் மாற்றுகிறீர்கள் என்று மனு எழுதிக்கொண்டு ஆயர் இல்லத்துக்குப் போகிற மக்களை எனக்குப் புரிகிறது. பங்குத் தந்தையர்களின் பாதுகாவலரான ஜான் மரிய வியான்னி, ஆர்ஸ் என்ற சின்ன ஊரில் 1818 முதல் 1859-ல் சாகும்வரை இருந்தார். எனக்குக் கேட்டால் கொஞ்சம் நீண்டகாலம் விடுவது நல்லது என்பேன். ஆனால் கஷ்டமான பங்குகள் எப்போதும் ஒரே ஆள் தலையில் விழாமல் இருப்பதற்கும் இந்த மாற்றல்தான் வழி.

பணம் பற்றி நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை. எல்லாப் பெற்றோர் மனதிலும் இருக்கும் என்பதால் சொல்லிவிடுகிறேன். மறைமாவட்டக் குரு ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுப்பதில்லை. திருமணமின்றி வாழ்வதாகவும் ஆயருக்குக் கீழ்ப்படிவதாகவும்தான் வாக்குக் கொடுக்கிறார். எளிமையாக வாழவேண்டும் என்று சட்டம் சொல்கிறது, ஆனால் தன் பெயரில் வங்கிக் கணக்கு, குடும்பச் சொத்தில் பங்கு எல்லாம் வைத்துக்கொள்ளலாம். மறைமாவட்டம் மாதம் ஒரு சிறிய தொகை கொடுக்கும், பூசைக் காணிக்கையும் உண்டு. ஒரு நாளைக்கு எத்தனை பூசை வைத்தாலும், கிறிஸ்து பிறப்பு நாளைத் தவிர, ஒரு காணிக்கையைத்தான் தனக்கென்று வைத்துக்கொள்ள முடியும். சபைக் குருவுக்கு வருவதெல்லாம் சபைக்கு. அரசு உதவிபெறும் பள்ளியில் ஆசிரியராக இருந்தால் வருகிற முழுச் சம்பளமும் சபைக் கணக்குக்குப் போகும். அந்தச் சம்பளத்துக்கு வருமான வரி பிடிக்கலாமா என்று தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் போன வழக்கு உச்ச நீதிமன்றத்தில் 2024 நவம்பரில், பிடிக்கலாம் என்றே முடிந்தது. அவருக்குச் சாப்பாடு, துணி, மருந்து, முதுமை எல்லாம் சபையின் பொறுப்பு. ஆக, எந்த வழியில் போனாலும் மகன் சம்பாதித்து வீட்டைத் தூக்கி நிறுத்துவான் என்ற கணக்கு வேண்டாம். தங்கை கல்யாணத்துக்கு அண்ணன் சாமியாரை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் வீடுகளால்தான் நல்ல குருக்கள் சிலர் உடைந்துபோகிறார்கள்.

எங்களுக்குக் கிடைப்பானா என்றால், மறைமாவட்டக் குருவாக இருந்தால் பக்கத்தில் இருப்பான், திருவிழாவுக்கு வருவான், நீங்கள் படுத்துக்கொண்டால் வந்து பார்ப்பான். சபைக் குருவாக இருந்தால் அவன் தலைவர் அனுப்பும் இடத்தைப் பொறுத்தது. அதற்காக மட்டும் மறைமாவட்டத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிவிடாதீர்கள். ஒருவனைப் பட்டத்துக்குக் கட்டாயப்படுத்துவதும் திருச்சபைச் சட்டப்படி தவறு, தகுதியுள்ளவனைத் தடுப்பதும் தவறு.

எது பெரிய படிப்பு என்ற கேள்விக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்று என்பதே பதில். திருச்சபை எல்லோருக்கும் கேட்பது குறைந்தது ஆறு வருடம்: மெய்யியல் இரண்டு, இறையியல் நான்கு. அதற்கு முன்னால் ஆயத்த வருடங்கள், பெரும்பாலும் ஒரு கல்லூரிப் பட்டம், நடுவில் களப்பணி. சபைக்குப் போனால் இவற்றோடு நவதுறவு வருகிறது. அது குறைந்தது பன்னிரண்டு மாதம், செபமும் ஒழுங்கும் மட்டும், வெளிப்படிப்பு கிடையாது. பதினேழு வயது முடியாமல் அதில் சேர்க்கமாட்டார்கள். அது முடிந்ததும் தற்காலிக வார்த்தைப்பாடு, அதைப் புதுப்பித்துக்கொண்டே வந்து, நிரந்தர வார்த்தைப்பாடு கொடுத்த பிறகுதான் திருத்தொண்டர் பட்டம். குருப்பட்டத்துக்குக் குறைந்த வயது 25. பன்னிரண்டு வருடம் என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது. சபைகளில் வெளிநாட்டுப் படிப்பு, கல்லூரிப் பேராசிரியர் வேலை போன்ற வாய்ப்புகள் அதிகம் என்பது உண்மை. மறைமாவட்டத்திலும் ரோமைக்குப் போய்ப் படித்தவர்கள் இருக்கிறார்கள். இப்போதைய சேலம் ஆயரே திருச்சபைச் சட்டம் படித்து அதைக் கற்பித்தவர்தான். படிப்பை வைத்து முடிவு செய்யாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

இந்தப் பன்னிரண்டு வருடத்தில் எங்கேயாவது ஓரிடத்தில், இது எனக்கானது அல்ல என்று பையன் திரும்பி வரலாம். சேர்கிறவர்களில் பலர் அப்படி வருவார்கள். பயிற்சி அவ்வளவு நீளமாக இருப்பதே அதைக் கண்டுபிடிப்பதற்குத்தான். அப்போது நீங்கள் நடந்துகொள்ளும் விதம் இப்போதே முடிவாகியிருக்கவேண்டும். மடத்தை விட்டு ஓடிவந்தவன் என்று உறவினர்கள் பேசுவார்கள் என்ற பயத்தில், மனமில்லாமல் பட்டம்வரை போய்விடுகிற பையன்கள் உண்டு. அவனும் நொந்து, அவனிடம் அனுப்பப்படுகிற பங்கு மக்களும் நோவார்கள். புறப்படுகிற அன்றைக்கே, வீட்டுக் கதவு எப்போதும் திறந்திருக்கிறது என்று உங்கள் வாயால் அவனிடம் சொல்லுங்கள். அம்மாவும் சொல்லட்டும். அம்மா சொல்வதுதான் அவனுக்கு முக்கியமாக இருக்கும். குருவாகாமலும் புனிதராகலாம்: 2022-ல் புனிதர் பட்டம் பெற்ற தேவசகாயம் பிள்ளை குருவும் இல்லை, துறவியும் இல்லை, கல்யாணமானவர்.

இப்போது என்ன செய்யலாம்? பெரிய வாரத்தை (ஈஸ்டருக்கு முந்தின வாரத்தை) ஒட்டி, பேராலயத்தில் எண்ணெய் மந்திரிக்கும் பூசை நடக்கும். மறைமாவட்டக் குருக்கள் எல்லோரும் நாலு ரோடு குழந்தை இயேசு பேராலயத்தில் ஆயரைச் சுற்றி நின்று தங்கள் வாக்குறுதிகளைப் புதுப்பிக்கும் பூசை அது. நம் மறைமாவட்டத்தில் வேலை செய்கிற சபைக் குருக்களும் வந்திருப்பார்கள். மகனை அழைத்துக்கொண்டு அதற்குப் போங்கள். எல்லோரையும் ஒரே இடத்தில் பார்க்கலாம், பூசை முடிந்து பேசவும் செய்யலாம். முகாமில் பையனுக்குக் காட்டியது எல்லாம் விளையாட்டும் பாட்டும்தான் என்றால், வேலைநாளில் ஒரு கிராமப் பங்கில் சில நாட்கள் தங்கட்டும். அதேபோல ஒரு சலேசிய இல்லத்திலும் தங்கட்டும். முகாம் இல்லாத நாளில் அந்த வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று தெரியவேண்டும்.

பிறகு உங்கள் பங்குச் சாமியாரிடம் போங்கள். எந்த வழியானாலும் அவருடைய பரிந்துரைக் கடிதம் தேவைப்படும். அவன் ஞானஸ்நானம் பெற்ற பங்கிலிருந்து புதிதாக எழுதி வாங்கிய ஞானஸ்நானச் சான்று, உறுதிபூசுதல் சான்று, உங்கள் திருமணச் சான்று, பள்ளிச் சான்றிதழ்கள், மருத்துவச் சான்று ஆகியவற்றைக் கேட்பார்கள். ஞானஸ்நானச் சான்றைப் புதிதாகக் கேட்பதற்குக் காரணம் உண்டு. பங்கில் இருக்கிற ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒருவரின் பெயருக்குப் பக்கத்திலேயே அவருடைய உறுதிபூசுதல், திருமணம், குருப்பட்டம், நிரந்தர வார்த்தைப்பாடு எல்லாம் குறிக்கப்படும். அதனால் அவரைப் பற்றிய இன்றைய நிலை அதில்தான் தெரியும். பிற்பாடு பட்டத்துக்கு முன், கல்யாணத்துக்கு ஓலை வாசிப்பதுபோல அவன் பெயரையும் கோவிலில் வாசிப்பார்கள். தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லலாம். அவனுக்கு ஞானஸ்நானம் வேறு பங்கில் நடந்திருந்தால், அந்தப் பங்கு அலுவலகத்துக்கு இந்த மாதமே ஒருமுறை போய்ப் பெயர், தேதி, ஞானப்பெற்றோர் பெயர் எல்லாம் பள்ளிச் சான்றிதழோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிடுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் திருத்துவதற்கு நாளாகும்.